சர்ட்டிஃபிகேட்டுக்கு "ஸ்நேக் ஆயில்" என்று பேர் வைத்தது ஏன்?

சர்வர்ரூம் சரவணன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். உபுண்டு லினக்ஸில் அப்பாச்சி என்ற வெப்சர்வர் சாஃப்ட்வேரைப் போட்டு எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) ஆன் பண்ணினேன். கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தால் அதுவாகவே ஒரு சர்ட்டிஃபிகேட்டை (சர்வர் யார் என்று சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ்) காட்டுகிறது. ஃபைல் பேர் "எஸ்எஸ்எல்-செர்ட்-ஸ்நேக்ஆயில்.பெம்". முதலில் வைரஸ் ஏதாவது புகுந்துவிட்டதோ என்று பயந்தே போனேன்.

டிக்‌ஷனரியில் தேடினால் "ஆதாரமில்லாமல் விற்கப்படும் மருந்து, நிரூபிக்காத வாக்குறுதி" என்கிற மாதிரி பொருள் போட்டிருக்கிறது. அங்கேதான் குழப்பம். என்க்ரிப்ஷன் (தகவலைப் பூட்டி அனுப்புவது) ஒழுங்காகத்தானே நடக்கிறது? நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் ஒயர்ஷார்க்கில் பிடித்துப் பார்த்தேன், ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. வேலை செய்கிற ஒன்றுக்கு எதற்கு இந்தப் பேர்? பாம்புக்கும் புருடாவுக்கும் என்ன சம்பந்தம்?

கேட்க இன்னொரு காரணமும் உண்டு. மேனேஜர் ஒரு என்க்ரிப்ஷன் சாஃப்ட்வேரின் ப்ரோஷரைக் கையில் கொடுத்து ரிப்போர்ட் கேட்டிருக்கிறார். "மிலிட்டரி கிரேடு, யாராலும் உடைக்க முடியாத எங்கள் சொந்த அல்காரிதம்" (பூட்டும் கணக்குமுறை) என்று போட்டிருக்கிறது. பக்கத்து சீட் சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு "சுத்த ஸ்நேக் ஆயில்டா" என்றார். அதையே ரிப்போர்ட்டில் எழுதலாமா?

போர்ட் 443

சரவணன், பயப்படாதீங்க. டெபியன், உபுண்டுவில் "எஸ்எஸ்எல்-செர்ட்" என்ற பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போதே அந்த ஃபைலை உருவாக்கிவிடும். உங்கள் மெஷின் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழ் அது. டெஸ்டிங்குக்கு மட்டும்தான்.

பேர் அதைவிடப் பழசு. 1998-இல் அப்பாச்சிக்கு மாட்-எஸ்எஸ்எல் என்ற மாட்யூல் வந்தது. எழுதியவர் ரால்ஃப் எங்கல்ஷால். அதோடு வந்த டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டைத் திறந்தால் நாடு "எக்ஸ்ஒய்", மாநிலம் "ஸ்நேக் டெசர்ட்", ஊர் "ஸ்நேக் டவுன்", கம்பெனி "ஸ்நேக் ஆயில் லிமிடெட்" என்று இருக்கும். தப்பித்தவறி யாராவது அதையே நிஜ சைட்டில் போட்டால் பார்த்த உடனே பல்லிளிக்கட்டும் என்று அப்படி வைத்திருப்பார்கள்.

என்க்ரிப்ஷன் நிஜம்தான். ஆனால் "நான்தான் இந்த சர்வர்" என்று அது சொல்வதற்கு வெளியாள் யாரும் ஜாமீன் நிற்கவில்லை. பாம்புக் கதை எனக்கு அரைகுறை. பழைய கல்வம் சார் இந்தப் பக்கம் வந்தால் சொல்வார்.

பழைய கல்வம்

கூப்பிட்டதால் வந்தேன். நான் பார்மசி கல்லூரியில் லேப் எடுத்து ஓய்வு பெற்றவன். சர்வர் கிர்வர் எல்லாம் தெரியாது. பாட்டில் தெரியும், லேபிள் தெரியும். நல்லவேளையாக இந்தக் கதை முழுக்க லேபிள் கதைதான்.

ஆள் பேர் கிளார்க் ஸ்டான்லி, அமெரிக்கர். கௌபாய் தொப்பியும் தாடியுமாக "ராட்டில்ஸ்நேக் கிங்" என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவர். வாலில் கிலுகிலுப்பை ஆட்டுமே அந்த விரியன், அதற்கு ராஜா. அரிசோனாவில் ஹோப்பி பழங்குடி வைத்தியரிடம் பாம்பெண்ணெய் ரகசியம் கற்றதாக அவரே 1897-இல் போட்ட புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பாதி கௌபாய் கதை, பாதி விளம்பரம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கூட்டத்துக்கு நடுவே சாக்கிலிருந்து உயிரோடு ஒரு பாம்பை எடுத்து, அறுத்து, கொதிநீரில் போட்டு, மேலே மிதந்த கொழுப்பை வழித்துக் காட்டி விற்றார் என்பார்கள். பாட்டில் 50 சென்ட்.

லேபிளில் என்னென்ன போட்டிருந்தார் தெரியுமா? வாதம், நரம்பு வலி, இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு, வீக்கம், பல்வலி, தொண்டைப்புண். அது போதாதென்று மிருகக்கடி, பூச்சிக்கடி, பாம்புக்கடிக்கும் சேர்த்து. பாம்பைக் கொன்று எடுத்த எண்ணெய் பாம்புக்கடிக்கே மருந்து என்றால் சனம் வாங்காமல் போகுமா!

1906-இல் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்தில் தூய உணவு, மருந்துச் சட்டம் வருகிறது. அதற்கு முந்தின வருஷம் காலியர்ஸ் பத்திரிகையில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தொடர் கட்டுரை எழுதி மருந்துக் கம்பெனிகளின் தோலை உரித்திருந்தார். டானிக் என்று விற்ற பெரூனாவில் ஆல்கஹால் 28 சதவீதம். அழுகிற குழந்தைக்குக் கொடுத்த வின்ஸ்லோ சிரப்பில் மார்ஃபின். அவற்றோடு ஒப்பிட்டால் ஸ்டான்லி சாது. அவர் யாரையும் கொல்லவில்லை.

ஸ்டான்லி மீது 1916-இல் ரோட் ஐலண்டில் வழக்கு வந்தது. அரசாங்க ரசாயனக்கூடம் பாட்டிலைச் சோதித்ததில் கிடைத்தது லேசான மினரல் ஆயில், ஒரு சதவீத அளவுக்குக் கொழுப்பு (அநேகமாக மாட்டுக்கொழுப்பு), மிளகாய்ச் சத்து, கொஞ்சம் கற்பூரமும் டர்பென்டைனும் இருந்த மாதிரி அடையாளம். பாம்பு? மருந்துக்குக்கூட இல்லை. ஆள் எதிர்த்து வாதாடவே இல்லை. 20 டாலர் அபராதம். அவர் விலைக்கு நாற்பது பாட்டில் காசு!

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாட்டில் வேலை செய்ததா? கொஞ்சம் செய்திருக்கும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

டி.பார்ம் முதல் வருஷப் பையன்களுக்கு டர்பென்டைன் லினிமென்ட் (மேலே தேய்க்கும் தைலம்) செய்யச் சொல்லிக் கொடுப்போம். கல்வத்தில் கற்பூரத்தை நுணுக்கி, சாஃப்ட் சோப்பைப் போட்டுக் குழைத்து, டர்பென்டைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரே பக்கமாக அரைக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். பொறுமையாக அரைத்தால் திடீரென்று "க்ளிக் க்ளிக்" என்று ஒரு சத்தம் வரும், கலவை வெண்ணெய் மாதிரி வெளுத்துத் திரளும். அப்புறம் தண்ணீர். மூட்டுவலிக்குத் தேய்த்தால் சூடு ஏறும், வலி கொஞ்ச நேரம் மறக்கும். மிளகாய்ச் சத்தான கேப்சைசின் இன்றைக்கும் வலி க்ரீமில் 0.025 சதவீதம், 0.075 சதவீதம் என்று அளவோடு இருக்கிறது. அக்கி வந்து போன பிறகு நிற்கிற நரம்பு வலிக்கு 8 சதவீதப் பட்டையே உண்டு. ஆக ஸ்டான்லியின் சரக்கு எங்கள் லேப் சரக்குக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஆனால் பையன் லினிமென்டை எவ்வளவு அழகாகத் திரட்டினாலும், லேபிளில் "வெளி உபயோகத்துக்கு மட்டும்", "குலுக்கிப் பயன்படுத்தவும்" இல்லையென்றால் நான் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவேன். முணுமுணுப்பார்கள். "சார், மருந்து சரியாத்தானே இருக்கு?" என்பார்கள். ஸ்டான்லி மீதான குற்றச்சாட்டும் விஷம் விற்றார் என்பதல்ல, "மிஸ்பிராண்டிங்". பாட்டிலுக்குள் இருந்ததும் லேபிள் சொன்னதும் வேறு வேறு. போர்ட் 443 தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் சர்ட்டிஃபிகேட்டும் அதே ஜாதி. உள்ளே சரக்கு உண்டு, லேபிளுக்கு மட்டும் சாட்சி இல்லை. பேர் வைத்தவர் விவரமானவர்.

மொழிப்பித்து

அருமை சார். ஆனால் நான் படித்தது வேறு மாதிரி. 1860-களில் அமெரிக்காவுக்கு ரயில் பாதை போடப் போன சீனத் தொழிலாளிகள் நீர்ப்பாம்பு எண்ணெய் கொண்டுபோனார்கள். நாள் முழுக்கப் பாறை உடைத்த கைகாலுக்கு அதைத் தேய்ப்பார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்கும் கொடுத்தார்கள், நிஜமாகவே குணம் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் ஸ்டான்லி மாதிரி ஆட்கள் போலி போட்டார்கள். ஒரிஜினல் பாம்பெண்ணெயில் ஓமேகா-3 என்ற கொழுப்பு அமிலம் இருப்பதை விஞ்ஞானமும் நிரூபித்துவிட்டது. அப்படிப் பார்த்தால் நல்ல மருந்து ஒன்றின் பேரை இவர்கள் கெடுத்துவிட்டார்கள், இல்லையா?

பழைய கல்வம்

இந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஒடுக்கப்பட்ட தொழிலாளி, உண்மை மருந்து, அதைத் திருடிய மோசடிக்காரன். கேட்கவே நன்றாக இருக்கிறது. அதனாலேயே சுரண்டிப் பார்க்கணும்.

சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையைச் சீனத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் நின்று போட்டது உண்மை. 1869-இல் வேலை முடிந்தது. சீன வைத்தியத்தில் நீர்ப்பாம்புக் கொழுப்பு உண்டு, அதுவும் உண்மை. ஆனால் ஸ்டான்லி கடை விரித்தது 1890-களில். நடுவே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இரண்டையும் இணைக்கும் துண்டுக் காகிதம் ஒன்றைக்கூட இந்தக் கதையைச் சொல்பவர்கள் காட்டுவதில்லை. "இருந்திருக்கும்", "பார்த்திருப்பார்கள்" என்றே போகும். ஸ்டான்லியே கைகாட்டியது ஹோப்பிகளை, சீனர்களை அல்ல. அவர் பேச்சை நம்பச் சொல்லவில்லை, ஆனால் இருக்கிற ஒரே வாக்குமூலம் அதுதான். அதோடு பாம்புக் கொழுப்பைக் கற்றுக்கொள்ள வெள்ளைக்காரனுக்குச் சீனா வரை போகவேண்டிய அவசியமும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே விரியன் கொழுப்பு மருந்தாகப் புழங்கியது. ரிச்சர்ட் மீட் என்ற பெரிய டாக்டரே விரியன் கடிக்கு அதைத் தடவச் சொன்னார்.

ஓமேகா-3 விஷயம். 1989-இல் ரிச்சர்ட் குனின் என்ற சான் பிரான்சிஸ்கோ டாக்டர் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதியது அது. சைனாடவுன் கடையில் பாம்பெண்ணெய் வாங்கிச் சோதித்தார். நீர்ப்பாம்பு எண்ணெயில் இ.பி.ஏ. என்கிற ஓமேகா-3 அமிலம் ஏறத்தாழ 20 சதவீதம். ராட்டில்ஸ்நேக் கொழுப்பில் அதில் பாதிகூட இல்லை. சரி. இதில் நிரூபணமானது என்ன? எண்ணெயில் அமிலம் இருக்கிறது என்பது. தோலில் தேய்த்தால் அது மூட்டு வரை போய் வலியைத் தீர்க்கும் என்பது? அதற்கு நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு இது, மறு கூட்டத்துக்கு வெறும் எண்ணெய் என்று கொடுத்துப் பார்த்திருக்கணும். "உள்ளே சத்து இருக்கு" என்பதிலிருந்து "நோய் தீரும்" என்பதற்கு ஒரே தாவலில் போவதுதான் ஸ்டான்லி காட்டிய வித்தையும்.

ஸ்நேக் ஆயில் என்ற பேருக்குச் சொல்லப்படும் பூர்வகதையே ஒரு ஸ்நேக் ஆயில். கோபிக்காதீங்க.

மொழிப்பித்து

கோபம் என்ன சார், கட்டுரையே எழுதி வைத்திருந்தேன், கடைசிப் பத்தியைத் தூக்குகிறேன். இன்னொன்று. மருந்து பாட்டிலைத் தாண்டி, பேச்சுக்கும் வாக்குறுதிக்கும் இந்தப் பேரைச் சொல்ல ஆரம்பித்தது எப்போது? "பங்க்கம்" (வெட்டிப்பேச்சு), "டீபங்க்" (புருடாவை அம்பலப்படுத்துவது) எல்லாம் இதே காலமா?

பழைய கல்வம்

ஸ்டான்லி வழக்குக்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. 1928-இல் வந்த ஓர் அமெரிக்க நெடுங்கவிதையில் அதிர்ஷ்ட மோதிரம் விற்பவனோடு சேர்த்துப் பாம்பெண்ணெய்க்காரனையும் வைக்கிறார் கவிஞர். 1946 வாக்கில் நாடக மேடைக்கே வந்துவிட்டது. அப்புறம் அரசியல்வாதி, பங்குச்சந்தை ஆலோசகர், எல்லாருக்கும் பொது.

பங்க்கம் தனிக் கதை. 1820-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மிசோரியை மாநிலமாகச் சேர்க்கும் விவாதத்தின்போது, ஓட்டெடுப்பு நடக்கவிடாமல் ஃபீலிக்ஸ் வாக்கர் என்ற வட கரோலினா உறுப்பினர் பேசிக்கொண்டே போனாராம். உட்காரச் சொன்னதற்கு, "என் தொகுதி பங்க்கம் மாவட்டத்துக்காகப் பேசுகிறேன்" என்றாராம். அதுவே வெட்டிப்பேச்சுக்குப் பேராகிவிட்டது. "டீபங்க்" 1923-இல்தான் வருகிறது. இரண்டுக்கும் பாம்பு சம்பந்தமில்லை.

தேரடி முனை

இவ்வளவு தூரம் அமெரிக்கா போவானேன்? எங்க ஊர்ச் சந்தையில் "இன்னும் சித்த நேரத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன், கைய கட்டாதே, நகராதே" என்று ஒருவர் வட்டம் போடுவார். கீரி மூங்கில் குச்சியில் கட்டிக் கிடக்கும், பாம்பு கூடைக்குள். கடைசி வரைக்கும் சண்டை நடக்காது. தாயத்து மட்டும் விற்றுத் தீரும். நடுவில் எழுந்து போனால் ரத்தம் கக்குவான் என்று வேறு சொல்லிவிடுவார், எனக்கு டிரவுசர் நனைந்ததுதான் மிச்சம்.

பழைய கல்வம்

ஹாஹா. ஆனால் வித்தியாசத்தைக் கவனிங்க. நம்மாள் வித்தையைக் காட்டாமலே சரக்கை விற்றார். ஸ்டான்லி வித்தையை நிஜமாகவே காட்டினார், அறுத்த பாம்பு அசல் பாம்பு. பாட்டிலில்தான் அது இல்லை. எனக்கென்னவோ இரண்டாவது ஆசாமிதான் ஆபத்தானவர். கண்ணால் பார்த்தேன் என்று சனம் சாட்சி சொல்லும்.

தாயத்துக்கும் நம்மிடம் சட்டம் உண்டு. 1954-இல் வந்த மருந்துகள், மாய நிவாரணிகள் விளம்பரத் தடைச் சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் பேரே போட்டு அதில் வரும். மருந்து விதிகளில் அட்டவணை ஜே என்று ஒன்று இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோயில் தொடங்கி வழுக்கை, உயரம் கூட்டுவது வரைக்கும், "இதைக் குணமாக்குவேன்" என்று எந்த மருந்தும் சொல்லக்கூடாத பட்டியல். பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தால் அந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணித்தான் விளம்பரம் எழுதுகிறார்களோ என்று தோன்றும்.

சர்வர்ரூம் சரவணன்

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, நன்றி சார். கடைசிக் கேள்வி பாக்கி. அந்த ப்ரோஷரைப் பற்றி ரிப்போர்ட்டில் "ஸ்நேக் ஆயில்" என்று எழுதலாமா, கூடாதா?

பழைய கல்வம்

எழுதாதீங்க. காரணமும் அந்த அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது.

1906 சட்டத்தை வைத்துக்கொண்டு, புற்றுநோய் தீரும் என்று மருந்து விற்ற ஜான்சன் என்பவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1911-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவரை விட்டுவிட்டது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதில் பொய் சொன்னால்தான் குற்றம், "குணமாகும்" என்று சொல்வது இந்தச் சட்டத்துக்குள் வராது என்றார் நீதிபதி ஹோம்ஸ். பதறிப்போய் 1912-இல் ஷெர்லி திருத்தம் கொண்டுவந்தார்கள். அதிலும் ஓட்டை. சொன்னது பொய் என்று காட்டினால் போதாது, ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னார் என்றும் காட்டவேண்டும். விற்றவர்கள் "நான் மனசார நம்பினேன்" என்று கழன்றுகொண்டார்கள். நோக்கத்தை நிரூபிக்கவேண்டியதில்லை என்று ஆனது 1938 சட்டத்தில்தான்.

"ஸ்நேக் ஆயில்" என்று எழுதினால் அந்த விற்பனையாளர் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்று நீங்கள் சொன்னதாக ஆகிவிடும். அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க உங்களால் முடியாது. "இன்ன வாக்குறுதிக்கு ஆதாரம் கேட்டோம், தரவில்லை" என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது. ஆதாரம் எப்படிக் கேட்பது என்பதை போர்ட் 443 சொல்லட்டும்.

போர்ட் 443

சார் சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். எங்கள் பக்கத்திலும் இந்தப் பேர் ரொம்ப நாளாக உண்டு. பிஜிபி என்ற என்க்ரிப்ஷன் சாஃப்ட்வேரை எழுதிய ஃபில் ஜிம்மர்மன் அதன் கையேட்டிலேயே ஸ்நேக் ஆயில் ஜாக்கிரதை என்று ஒரு பகுதி போட்டிருந்தார். என்க்ரிப்ஷன் நிபுணர் புரூஸ் ஷ்னையர் 1999-இல் அடையாளங்களைப் பட்டியலே போட்டார். உங்கள் ப்ரோஷரில் உள்ள "சொந்த அல்காரிதம்", "உடைக்கவே முடியாது" இரண்டும் அந்த மாதிரிப் பட்டியல்களில் முதல் வரிசை.

ரகசிய அல்காரிதம் ஏன் பிரச்சினை என்றால், 1883-லேயே ரகசிய எழுத்துமுறை நிபுணர் கெர்க்ஹாஃப்ஸ் சொல்லிவிட்டார்: எந்திரம் எதிரி கையில் கிடைத்தாலும் குடி முழுகக்கூடாது, சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்கணும். ஏஇஎஸ் என்ற வெளிப்படையான அல்காரிதம் இன்றைக்கு நிற்கிறதென்றால் அதை உலகமே உடைக்கப் பார்த்துத் தோற்றதால்தான். பூட்டி வைத்த ஒன்றை யாரும் முயன்று பார்த்ததே இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

மெயிலில் இதை மட்டும் கேளுங்கள். அல்காரிதத்தின் பேர் என்ன, எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்? உங்கள் கம்பெனிக்கு வெளியே யார் சோதித்தார்கள், அந்த அறிக்கையைப் பார்க்கலாமா? சாவி எங்கே உருவாகிறது, யாரிடம் இருக்கிறது? "மிலிட்டரி கிரேடு" என்றால் எந்த நாட்டு ராணுவம், எந்தத் தரநிலை எண்? பதிலை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டுங்கள்.

அப்புறம் உங்கள் சர்வருக்கு. வெளியே தெரிகிற டொமைன் என்றால் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பில் இலவசமாகவே சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். ஆஃபீஸுக்கு உள்ளே மட்டும் என்றால் உங்களுக்கென்று ஓர் உள் சிஏ (சர்ட்டிஃபிகேட்டுக்குக் கையெழுத்துப் போடும் அமைப்பு) அமைத்து, அதன் ரூட் சர்ட்டிஃபிகேட்டை எல்லா மெஷினிலும் ஏற்றிவிடுங்கள்.

சர்வர்ரூம் சரவணன்

மெயில் போட்டேன். சேல்ஸ் ஆள் போனிலேயே வந்துவிட்டார். அல்காரிதம் "வணிக ரகசியமாம்". வெளிச் சோதனைக்கு "கஸ்டமர்கள் சொல்வதைக் கேளுங்கள்" என்று மூன்று பாராட்டு மெயிலை அனுப்பினார். ராணுவம் எது என்பதற்குச் சிரிப்புதான் பதில். சாவி பற்றி மட்டும் தெளிவாகச் சொன்னார்: மறந்துபோனால் அவர்களே திறந்து கொடுப்பார்களாம், அதை ஒரு வசதியாகச் சொல்கிறார்.

போர்ட் 443

அப்படியென்றால் உங்கள் டேட்டாவைத் திறக்கும் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. ரிப்போர்ட்டின் முதல் வரியே அதுதான். அவரையே எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.